ஏகமனதின் விலை

ஓட்டில் தோற்றவன் மறப்பதில்லை. அவன் கணக்குத் தீர்க்கும் நாளுக்குக் காத்திருக்கிறான். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய க்வேக்கர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அவர்கள் சபைகளில் ஓட்டெடுப்பு கிடையாது. பேசுகிறார்கள், நீண்ட நேரம் மௌனமாக இருக்கிறார்கள். சபையின் மனம் எங்கே திரண்டிருக்கிறது என்பதைக் குமாஸ்தா கணித்து, எழுதி, உரக்க வாசிக்கிறார். சபை ஒப்பினால் தீர்மானம். இல்லையேல் அடுத்த கூட்டம். இம்முறையைப் புகழ்வது எளிது. அடிமைப் பிரச்னையில் அது பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுப் புகழ்வதே நேர்மை.

1688இல் பென்ஸில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் பஸ்டோரியஸ் உள்ளிட்ட நால்வர் அடிமை முறையைக் கண்டித்து ஒரு மனு எழுதினார்கள். மாதச் சபை அதைக் காலாண்டுச் சபைக்கு அனுப்பியது. அது ஆண்டுச் சபைக்கு அனுப்பியது. ஆண்டுச் சபையோ விஷயம் மிகப் பெரிது என்று சொல்லி, முடிவு கூறாமல் விட்டது. யாரும் மனுவை மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை. அந்தக் காகிதம் காணாமல் போய் 1844இல்தான் மறுபடி அகப்பட்டது. ஏகமனதுக்குக் காத்திருக்கும் சபைக்கு இப்படியும் ஒரு சௌகரியம் உண்டு.

1738இல் பெஞ்சமின் லே பர்லிங்டன் சபையில், குடைந்த புத்தகத்துக்குள் சிவப்புச் சாறு நிரம்பிய பையை ஒளித்து வந்து, அதைக் கத்தியால் குத்தி, சுற்றியிருந்தவர்கள் மேல் தெறிக்கவிட்டார். அவருக்குச் சபையில் இடமில்லாமல் போயிற்று.

ஜான் உல்மனின் வழி வேறு. நியூஜெர்ஸியில் ஒரு கடையில் வேலை பார்த்த இளைஞர் அவர். ஒரு கறுப்புப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதும்படி முதலாளி சொன்னார். வாங்குகிறவரும் க்வேக்கர்தான். உல்மன் எழுதிக்கொடுத்தார், பிறகு இது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்று இருவரிடமும் சொன்னார். அடுத்த முறை எழுத மறுத்தார். அடிமைகளைச் சொத்தாகக் குறிப்பிடும் உயில்களையும் எழுத மறுத்தார். எழுதுகிறவனின் கை நின்றால் வியாபாரம் சற்றே தடுமாறும் என்பது அவர் கண்டுகொண்ட விஷயம்.

1758இல் பிலடெல்பியா ஆண்டுச் சபை, அடிமைகளை வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் சபைக் காரியங்களிலிருந்து விலக்கியது. அடிமை வைத்திருப்போரை வீடு தேடிச் சென்று பேச ஒரு குழுவையும் நியமித்தது. உல்மன் அதில் ஒருவர். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. அடிமைகள் ஊழியம் செய்த வீடுகளில் தங்க நேர்ந்தபோது, அந்த ஊழியத்துக்காகக் காசு கொடுத்துவிட்டுப் போனார். விருந்தோம்பியவருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது. ஆனாலும் அவர் முகம் கோணாமல்தான் அதைச் செய்தார். பலர் மனம் மாறியது சபைக் கூடத்தில் அல்ல, இத்தகைய கூடங்களிலும் திண்ணைகளிலும்தான் என்று நினைக்கிறேன்.

1772இல் உல்மன் இங்கிலாந்தில் அம்மை கண்டு இறந்தார். 1776இல் ஆண்டுச் சபை அடிமை வைத்திருப்பதையே தடை செய்தது. விடுவிக்க மறுத்தவர்கள் நீக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் லேயை வெளியேற்றிய ஏகமனது, முடிவில் எஜமானர்களை வெளியேற்றிப் பூர்த்தியாயிற்று. வெளியேற்றமே இல்லாத ஒற்றுமை இங்கேயும் சாத்தியப்படவில்லை.

ஓட்டை நம்பிய அமெரிக்க தேசம் இதே பிரச்னைக்காக 1861 முதல் 1865 வரை போரிட்டு ஆறு லட்சம் பேருக்குமேல் பலி கொடுத்தது. ஒரு சிறு சபையையும் ஒரு தேசத்தையும் ஒப்பிடுவது முழு நியாயமாகாது. எனினும் அந்தச் சபை ரத்தம் சிந்தாமல் தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்பது நிஜம். அதற்கு 88 வருஷங்கள் ஆயின என்பதும் நிஜம். அந்தப் பொறுமை யாருடையது? இடைப்பட்ட வருஷங்களில் அந்த வீடுகளில் பிறந்து, அடிமையாகவே இறந்தவர்களிடம் எந்தக் குமாஸ்தாவும் சம்மதம் கேட்டு எழுதவில்லை.