ஜப்பானில் மனையியல் கல்வி

ஜப்பானில் மனையியல் கல்வி என்பது அந்நாட்டுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முதல் மேல்நிலைப் பள்ளி வரை ஆண், பெண் இருபாலாருக்கும் கட்டாயமாகக் கற்பிக்கப்படும் பாடமாகும். ஜப்பானிய மொழியில் இது கத்தேக்கா என அழைக்கப்படுகிறது. சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, வீட்டு வரவு செலவு, நுகர்வோர் உரிமை முதலிய அன்றாட வாழ்க்கைத் திறன்கள் இதில் அடங்கும். இத்தகைய பாடம் தமிழ்நாட்டில் மனையியல் என்றும் இலங்கையில் மனைப்பொருளியல் என்றும் வழங்குகிறது. ஜப்பானிய மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர்களுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது 1994 ஆம் ஆண்டிலேயே ஆகும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஜப்பானியப் பள்ளிகளில் தையலும் வீட்டு வேலையும் பெண்களுக்கான பாடங்களாகவே இருந்தன. 1899 இல் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகள் குறித்து வெளியான அரசாணைக்குப் பின், நல்ல மனைவியும் அறிவுள்ள தாயுமாகப் பெண்களை உருவாக்குவதே அவர்களது கல்வியின் நோக்கமாகக் கொள்ளப்பட்டது.

போருக்குப் பின், நேச நாடுகளின் ஆட்சிக் காலத்தில் கல்வி முறை மாற்றியமைக்கப்பட்டபோது, 1947 இல் மனையியல் என்னும் புதிய பாடம் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் இருபாலாருக்கும் அறிமுகமானது. இது பழைய தையலையும் வீட்டு வேலையையும் ஒன்றாகக் கட்டிய பாடம் அன்று, பெண்களுக்கு மட்டும் உரியது அன்று, வெறும் கைத்திறன் பயிற்சியும் அன்று என மூன்று மறுப்புகளால் இப்பாடம் வரையறுக்கப்பட்டது. குடும்பத்தில் அனைவரும் சமமானவர்கள் என்னும் புதிய அரசியலமைப்பின் கருத்தே இதற்கு அடிப்படையாகும்.

எனினும் இந்நிலை தொடக்கப் பள்ளிக்கு அப்பால் நீடிக்கவில்லை. 1958 ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இடைநிலைப் பள்ளியில் "தொழில்நுட்பமும் மனையியலும்" என்ற ஒரே பெயரில் இரு வேறு பாடங்களை உருவாக்கியது. மாணவர்கள் மரவேலை, உலோக வேலை, எந்திரம், மின்சாரம் ஆகியவற்றைப் பயின்றனர். மாணவிகள் சமையல், தையல், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைப் பயின்றனர். மேல்நிலைப் பள்ளியில் 1973 முதல் மனையியல் மாணவிகளுக்கு மட்டும் கட்டாயமாயிற்று. மாணவர்களுக்கோ உடற்கல்விக்குக் கூடுதல் பாடவேளைகள் ஒதுக்கப்பட்டன. அதாவது, மாணவிகள் சமைக்கக் கற்ற நேரத்தில் மாணவர்கள் ஜூடோ பழகினர்.

இருபாலாருக்கும் பொதுவாதல்

இப்பிரிவினைக்கு எதிராக 1974 இல் மனையியலை இருபாலாருக்கும் கற்பிக்கக் கோரும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய இச்சிக்கவா ஃபுசாயே இதன் முன்னணியினருள் ஒருவர். கியோத்தோ மாநிலத்தின் அரசு மேல்நிலைப் பள்ளிகள் நாட்டின் பிற பகுதிகளுக்காகக் காத்திராமல் 1973 முதலே மாணவர்களுக்கும் இப்பாடத்தைக் கற்பித்தன. மறுபுறம், இதனைப் பெண்களுக்குரிய பாடமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற கருத்து கல்வித் துறையினரிடையே வலுவாக இருந்தது.

மாற்றத்திற்கு உடனடிக் காரணமாக அமைந்தது பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றாகும். பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1979 இல் நிறைவேறியது. ஜப்பான் 1980 இல் இதில் கையெழுத்திட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்கிறது அதன் 10 ஆவது பிரிவு. ஆகவே உடன்படிக்கையை உறுதி செய்வதற்கு ஜப்பான் குடியுரிமைச் சட்டம், வேலைவாய்ப்புச் சட்டம், மனையியல் பாடம் ஆகிய மூன்றையும் சீர்செய்ய வேண்டியிருந்தது. சமையல் வகுப்பு ஒன்று நாட்டின் வெளியுறவுச் சிக்கலாக மாறியது கல்வி வரலாற்றில் அரிதான நிகழ்வாகும்.

உடன்படிக்கை 1985 இல் உறுதி செய்யப்பட்டது. பாடத்திட்டம் 1989 இல் திருத்தப்பட்டு, இடைநிலைப் பள்ளிகளில் 1993 இலும் மேல்நிலைப் பள்ளிகளில் 1994 இலும் நடைமுறைக்கு வந்தது.

பாடப்பொருள்

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ஆண்டுக்கு 60 பாடவேளைகளும் ஆறாம் வகுப்பில் 55 பாடவேளைகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு பாடவேளை 45 நிமிடமாகும். பொத்தான் தைத்தல், கையால் தைத்தல், தையல் எந்திரத்தில் நேர்த்தையல் போடுதல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. மாணவர்கள் பை போன்ற பொருள் ஒன்றைத் தாமே தைத்து முடிப்பர்.

சமையலில் சோறும் மிசோ சாறும் பாடத்திட்டத்திலேயே பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளன. சோறு வடிக்கும் பாடத்திற்குப் பல பள்ளிகள் கண்ணாடிப் பாத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அரிசி நீரை உறிஞ்சிப் பருப்பதையும், கொதி வந்து நீர் வற்றுவதையும், தணலைக் குறைக்க வேண்டிய தருணத்தையும் மாணவர்கள் கண்ணால் காண்பதற்கே இந்த ஏற்பாடு. மின் சோற்றுப் பானை இல்லாத வீடே இல்லை எனத்தக்க நாட்டில் இப்பாடம் நீடிப்பது குறிப்பிடத்தக்கது. பாதுகாப்புக் கருதித் தொடக்கப் பள்ளியில் பச்சை மீனும் இறைச்சியும் கையாளப்படுவதில்லை. அவை இடைநிலைப் பள்ளியில் இடம்பெறுகின்றன. இடைநிலைப் பள்ளி மாணவர்கள் சிறு குழந்தைகளுடன் நேரில் பழகவும் வாய்ப்பளிக்கப்படுகிறது.

மேல்நிலைப் பள்ளியில் 2 அலகு கொண்ட அடிப்படை மனையியல், 4 அலகு கொண்ட பொது மனையியல் ஆகிய இரண்டில் ஒன்றைப் பள்ளிகள் கற்பிக்கின்றன. பெரும்பாலான பள்ளிகள் நேரம் குறைந்த முதலாவதையே தேர்கின்றன. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இடம்பெறாத பாடத்திற்கு நேரம் கிடைப்பது கடினம் என்பதே இதற்கான காரணமாகக் கூறப்படுகிறது.

வயது வரம்பு மாற்றமும் நிதிக் கல்வியும்

ஜப்பானில் 2022 ஏப்ரல் 1 அன்று சட்டப்படி வயது வந்தோராகும் அகவை 20 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் 18, 19 வயதினர் பெற்றோர் ஒப்புதலின்றிச் செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக நீக்கிக்கொள்ள முடிந்தது. இப்பாதுகாப்பு அவர்களுக்கு இப்போது இல்லை. கைப்பேசி இணைப்பு, கடன் அட்டை, வாடகை வீடு ஆகியவற்றிற்கு அவர்கள் தாமே கையெழுத்திடலாம், விளைவும் அவர்களுடையதே.

மேல்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டிலேயே மாணவர்கள் 18 வயதை எட்டுகின்றனர். எனவே ஒப்பந்தம், நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவை பற்றிய பகுதியை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் கற்பித்து முடிக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் சேமிப்பு, பங்கு, கடன் பத்திரம் முதலியவை பற்றிய சொத்துச் சேர்ப்புக் கல்வியும் இடம்பெற்றது. தையலும் சமையலும் கற்பிக்கும் ஆசிரியரே முதலீட்டையும் கற்பிக்க நேர்ந்தமை செய்தித்தாள்களில் விவாதிக்கப்பட்டது.

தாக்கம்

1978 ஏப்ரல் முதல் பிறந்தோரே மேல்நிலைப் பள்ளியில் இருபாலாரும் சேர்ந்து மனையியல் பயின்ற முதல் அணியினர் ஆவர். இவர்களைப் பழைய தலைமுறையிலிருந்து வேறுபட்டவர்களாகக் கருதும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பங்களில் கணவர் வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் செலவிடும் நேரம் 1996 இல் நாளொன்றுக்கு 38 நிமிடமாக இருந்து 2021 இல் 1 மணி 54 நிமிடமாக உயர்ந்தது. இந்த உயர்வில் பள்ளிப் பாடத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் கூற இயலாது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் எண்ணிக்கையும் இக்காலத்தில் பெருகியது. 2021 இல் மனைவியர் செலவிட்ட நேரம் 7 மணி 28 நிமிடமாகும்.