கட்சி பல, கோட்டை ஒன்று

1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகப் பொறுப்பேற்றபோது டாக்டர் ப. சுப்பராயனுக்கு வயது 37. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர். கையில் கட்சி மட்டும் இல்லை.

கட்சி இல்லாததே பதவிக்கு வழிவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 41ஐப் பிடித்த சுயராஜ்யக் கட்சி, கவர்னரும் அமைச்சர்களும் துறைகளைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டையாட்சியில் பதவி ஏற்க மறுத்தது. நீதிக்கட்சிக்குக் கிடைத்ததோ 21தான். கவர்னர் கோஷன், சுயேச்சையான சுப்பராயனை அழைத்தார்.

1928இல் சைமன் கமிஷனைப் புறக்கணிப்பதா என்ற விவகாரம் வெடித்தது. சக அமைச்சர்கள் அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவி விலகினார்கள். சுப்பராயன் விலகவில்லை. நீதிக்கட்சியின் ஆதரவைப் பெற்று, முத்தையா முதலியாரையும் சேதுரத்தினம் ஐயரையும் அமைச்சர்களாக்கி 1930 வரை ஆட்சியை ஓட்டினார். பதவி ஆசை என்றார்கள் எதிரிகள். இருக்கட்டும். வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது அந்த முத்தையா முதலியாரால்தான். பன்னிரண்டு அரசு வேலைகளில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர்-கிறிஸ்தவர் ஆகியோருக்குத் தலா 2, ஆதிதிராவிடருக்கு 1.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலேயே, புதுப்பாளையத்தில், 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கியிருந்தார் ராஜாஜி. வெள்ளைக்கார கவர்னரின் முதன்மை அமைச்சராக இருந்த ஜமீன்தார், பிறகு காங்கிரசில் சேர்ந்து, 1937இல் அதே ராஜாஜியின் அமைச்சரவையில் உட்கார்ந்தார். சட்டமும் கல்வியும் அவருடைய இலாகாக்கள். 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானது அவர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான்.

கதையின் மறுபாதி டெல்லியில். பி.ஜி. கேர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையம் 1956இல் அறிக்கை தந்தது. இந்தியை அவசரமாகத் திணிக்கக் கூடாது என்று மாறுபட்ட குறிப்பு எழுதியவர்கள் இருவர். ஒருவர் வங்காளத்து மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி. மற்றவர் நம் சுப்பராயன்!

அரசியல் நிர்ணய சபை, இந்தோனேசியத் தூதர் பதவி, மாநிலங்களவை என்று சுற்றியவரை 1957இல் சொந்தத் திருச்செங்கோடு மக்களவைக்கு அனுப்பியது. நேரு அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை கிடைத்தது. 1962இல் மகாராஷ்டிர ஆளுநரானார். அவ்வாண்டு அக்டோபரில், பதவியில் இருக்கும்போதே காலமானார். கட்சிக் கொடியை வைத்து அவரை எடைபோட்டால் தட்டு நிற்காது. மாறிக்கொண்டே இருந்த ஆட்சிமுறைகள் அத்தனையிலும் வேலை செய்யத் தெரிந்தவர் என்பதே அவர் கணக்கு.

அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதி. இருவர் செங்கொடி பிடித்தவர்கள். அது அடுத்த வாரம்.