காசிகிலித் தீவு யாருக்கு?

நில அளவைத் துறையில் வேலை பார்த்தவனுக்கு எந்த எல்லைக்கோட்டைப் பார்த்தாலும், இதை யார் நடந்து போய் அளந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நமீபியாவின் வடகிழக்கு மூலையைப் படத்தில் பாருங்கள். ஒல்லியான ஒரு துண்டு சுமார் 450 கிலோமீட்டர் கிழக்கே ஓடி ஜாம்பேசி ஆற்றைத் தொடுகிறது. கேப்ரிவிப் பட்டை என்று அதற்குப் பெயர். கோடு போடுவதற்கு முன் யாரும் அதை நடந்து அளக்கவில்லை.

ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டது பெர்லின் மாநாடு என்று பள்ளியில் படித்திருப்போம். 1884 நவம்பரிலிருந்து 1885 பிப்ரவரி வரை 14 நாடுகள் அங்கே கூடின. ஆப்பிரிக்கர் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ஆனால் மாநாடு வகுத்தது பெரும்பாலும் விதிமுறைகளைத்தான். கோடுகளில் பெரும்பாலானவை பிறகு இரண்டிரண்டு நாடுகள் தனியே உட்கார்ந்து பேசிப் போட்டவை. கேப்ரிவி அப்படிப் பிறந்ததுதான். 1890 ஜூலை 1 அன்று ஜெர்மனியும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. ஜான்சிபார் மீது பிரிட்டனின் ஆதிக்கத்தை ஜெர்மனி ஒப்புக்கொண்டது. பதிலுக்கு வடகடலில் ஹெலிகோலாந்து தீவு கிடைத்தது. கூடவே ஜாம்பேசிக்குப் போக ஒரு வழி. அந்த வழி எந்த இடத்திலும் 20 மைலுக்குக் குறையாத அகலம் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அன்றைய ஜெர்மன் சான்சலர் கேப்ரிவியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

ஆற்றைப் பிடித்துவிட்டால் கிழக்கே இறங்கிப் போகலாம் என்பது கணக்கு. அதே ஆறு சற்றுக் கீழே விக்டோரியா அருவியில் நூறு மீட்டருக்கு மேல் விழுகிறது. லிவிங்ஸ்டன் அதை 1855-லேயே பார்த்து எழுதிவிட்டார். ஜெர்மனி அங்கே ஓர் அதிகாரியை உட்கார வைத்ததோ 1909-ல்தான்.

பட்டையின் கிழக்குப் பகுதியில் தெற்கெல்லை சோபே ஆறு. அதன் பிரதான கால்வாயின் நடுவே எல்லை என்றது உடன்படிக்கை. காசனே ஊருக்கு அருகே ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர்கிறது. மூன்றரை சதுர கிலோமீட்டர் இருக்கும். வருஷத்தில் சில மாதம் வெள்ளத்தில் மூழ்கும். நமீபியாவில் காசிகிலி, போட்ஸ்வானாவில் செடுடு. இரண்டு கிளையில் எது பிரதானம்? வடகிளை என்றால் தீவு போட்ஸ்வானாவுக்கு, தென்கிளை என்றால் நமீபியாவுக்கு. 1912-ல் ஈசன் என்ற போலீஸ் கேப்டன் பார்த்துவிட்டு வடக்கே என்றார். 1948-ல் இரு தரப்பு அதிகாரிகளான டிரோலோப்பும் ரெட்மனும் சேர்ந்து பார்த்துவிட்டு வடக்கே என்றுதான் சொன்னார்கள். 1985-ல் மீண்டும் ஒரு கூட்டு அளவை, அதுவும் வடக்கே. ஆற்றை எல்லையாக வைத்த நம் கிராமங்களிலும், வெள்ளம் வடிந்ததும் படுகை யாருக்கு என்று இப்படித்தான் சண்டை வரும். ஆனால் தாசில்தார் வந்து முதலில் கேட்பது, அங்கே இதுவரை உழுதது யார் என்பது.

உழுதவர்கள் மசுபியா மக்கள். பட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து படகில் வந்து, வெள்ளம் இறங்கிய மண்ணில் பயிர் வைத்துப் போனவர்கள். 1996-ல் இரு நாடுகளும் ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனபோது நமீபியா இதைத்தான் சொன்னது. நீதிமன்றம் மறுக்கவில்லை, அந்த மக்கள் விட்டு விட்டுப் பயிர் செய்தது தங்கள் பிழைப்புக்காக, ஓர் அரசின் சார்பில் ஆட்சி செலுத்தியதாகாது என்று ஒதுக்கியது. கால்வாய்களின் ஆழம், அகலம், நீர்வரத்தைப் பார்த்து, 1999 டிசம்பர் 13 அன்று 11-க்கு 4 என்ற கணக்கில் தீவை போட்ஸ்வானாவுக்குக் கொடுத்தது.

ஆழம் அளந்ததில் எனக்குக் குறையில்லை, வடகிளை ஆழமானதுதான். குறை அதற்கு முந்தையது. ஆற்றங்கரையில் இருந்தவர்களிடம் கேட்காமல் எழுதிய ஒரு வரியை வைத்து, நூறு வருஷம் கழித்து அவர்களுடைய விளைநிலத்துக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

எதிர்த்து எழுதிய நால்வரில் ஒருவர், நீதிமன்றத்தின் துணைத் தலைவராயிருந்த இலங்கையர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. உடன்படிக்கை எழுதப்பட்ட காலத்தை ஒட்டிய வருஷங்களில் அங்கே வாழ்ந்தவர்கள் அந்த எல்லையை எப்படிப் புரிந்துகொண்டு நடந்தார்கள் என்பதற்கு அவர் எடை கொடுத்தார். தீவின் வனவிலங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து காக்க வேண்டும் என்றும் எழுதினார். இரண்டு கிளைகளிலும் இரு நாட்டு மக்களுக்கும் படகுகளுக்கும் சம உரிமை என்று தீர்ப்பும் சொன்னது. அது தண்ணீருக்குக் கிடைத்த உரிமை. மண்ணில் மசுபியர் பயிர் வைக்கும் உரிமையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.