28 வயதில் பட்டாளம்
"டீச்சர், அந்த வயசுல பட்டாளத்துல சேரலாமா?" அலோர் ஸ்டாரில் ஜான்சி ராணிப் படை பற்றிப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் கேட்பது இது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் பெண்கள் படைக்கு அழைத்தபோது டாக்டர் லட்சுமிக்கு 28 வயது. சென்னையில் மருத்துவம் படித்து, 1940இல் சிங்கப்பூர் வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். படைத்தலைவியானார். சேர்ந்தவர்களில் பலர் நம்ம கெடா பாட்டிமார் போலத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்கள். ஜானகி தேவருக்கு 18 வயதுதான். தோட்டத்துப் பெண்களுக்குப் படை ஒரு வெளிவழி என்றால், லட்சுமிக்கோ விட்டுவிட்டுப் போக நல்ல தொழிலே இருந்தது. அவர் முடிவுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. தேர்வு எழுதுவோர் கவனிக்க: அழைப்பு ஜூலையில், சிங்கப்பூர்ப் பயிற்சி முகாம் திறந்தது அக்டோபர் 22இல். குழப்பிடாதீங்க. முகாம் திறந்த இரண்டே நாளில் லட்சுமிக்கு 29 ஆனது.