ஆர்.என்.ஏ. வளையமும் 120° கணக்கும்

ஆர்.என்.ஏ. இழைகளைக் கணினியில் வடிவமைத்து மருந்து சுமக்கும் நுண்துகள்களாக்கும் தொழில் கோணக் கணக்கில் தொடங்குகிறது. மூலக்கூறின் பிணைப்பு எப்பக்கம் திரும்பலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்ற கணக்கைப் புரதங்களுக்கு 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்டனர். நியூக்ளிக் அமிலங்களின் சர்க்கரை வளையம் மடங்கும் விதத்தை 1972இல் அல்டோனாவும் முத்தையா சுந்தரலிங்கமும் இரண்டே எண்களில் அடக்கினர். இழை தன்மேலேயே மடிவதைக் குறைந்த ஆற்றலை வைத்துக் கணிக்கும் சூக்கரின் நிரல்முறை 1981இல் வந்தது.

இயற்கையிலேயே கட்டுமானப் பொருளாகும் ஆர்.என்.ஏ. ஒன்றைப் பெய்ஷுவான் குவோ 1987இல் ஃபை29 வைரஸில் கண்டார். 1998இல் அதன் ஆறு பிரதிகள் வளையமாகச் சேர்வதாக அறிவிக்கப்பட்டது. வைரஸுக்குள் இருப்பது ஆறா ஐந்தா என்ற தகராறு பின்னர் நெடுநாள் நடந்தது, ஆனால் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு உருவம் கட்டலாம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2000இல் ரைபோசோமின் அணு அமைப்பை வெளியிட்டதும், வளைவுகளும் திருப்பங்களும் கொண்ட பெரிய உதிரிபாகக் கிடங்கே திறந்தது. லுக் யேகர் குழு 2004இல் செங்கோணத் திருப்பங்களைக் கொண்டு ஆர்.என்.ஏ. சதுரங்கள் கட்டியது.

மேரிலாந்திலுள்ள அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஃபிரடெரிக் வளாகத்தில் யாரோஸ்லாவா யிங்லிங்கும் புரூஸ் ஷபீரோவும் 2007இல் செய்ததுதான் இந்த வரலாற்றின் அழகான கட்டம். ஈ.கோலையின் பிளாஸ்மிட் ஒன்று தன் பிரதிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த இரு ஆர்.என்.ஏ. கண்ணிகளைக் கோத்துக்கொள்கிறது. அக்கண்ணிகளின் வரிசையைத் தலைகீழாக்கிய ஆய்வக வடிவம் ஏறத்தாழ 120° வளைந்தது. ஒழுங்கான அறுகோணத்தின் உட்கோணமும் அதுவே! ஆறு துண்டுகளைச் சேர்த்தால் வளையம் தானாக மூடிக்கொள்ளும் என்று கணினியில் மட்டுமே காட்டினர். அந்த வளையம் 2011இல் சோதனைக் குழாயிலும் உருவானது.

இதற்கிடையே எக்கார்ட் பிண்டிவால்டின் நானோடைலர் மென்பொருள் வந்தது. 2010இல் கிரில் அஃபோனின் குழு, கணினியில் திட்டமிட்ட ஆர்.என்.ஏ. கனசதுரத்தை ஆறு இழைகளால் கட்டியது. வளையத்துக்குக் கண்ணிகள் தேவைப்பட்டன. கனசதுரத்துக்கு இழைகளுக்கிடையிலான சாதாரண இணைசேர்தலே போதும். மரபணுவை அடக்கும் குறு ஆர்.என்.ஏ.க்களை இத்துகள்களில் கோக்கும் செய்முறை 2011இல் வெளியானது.

உடல் இவற்றை எப்படி ஏற்கும் என்ற கேள்வி தாமதமாகவே எழுந்தது. 2018இல் வெளிவந்த ஆய்வில், சுமந்துசெல்லும் பொருளின்றித் தனியாகக் கொடுத்த துகள்கள் மனித நோயெதிர்ப்பு செல்களை அவ்வளவாகத் தூண்டவில்லை. அப்பொருளோடு கொடுத்தபோது தட்டையான வளையத்தைவிடக் கனசதுரம் அதிகம் தூண்டியது. அதன்பின் வடிவமைப்பாளர்கள் கோணத்தோடு நோயெதிர்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று.