டிவிஎஸ் மொபெட்: சிலிண்டர், பிஸ்டன் பராமரிப்பு வரலாறு

டிவிஎஸ் 50, ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1980இல் வெளிவந்த மொபெட் வண்டியாகும். இருவர் அமர்ந்து செல்லக்கூடிய மொபெட் இந்தியாவில் இதுவே முதலாவது. பின்னர் 69.9 சிசி திறனுடைய எக்ஸ்எல் சூப்பர் வந்தது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலை போன்ற பகுதிகளில் சாமை மூட்டையும் பலாப்பழமும் புளியும் சந்தைக்குக் கொண்டுசெல்ல இத்தகைய எளிய வண்டிகள் ஏற்றவை.

எஞ்சின் அமைப்பு

இவை டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் ஜோசப் டே 1891இல் காப்புரிமை பெற்ற முறையே இதற்கு அடிப்படை. இதில் வால்வுகள் இல்லை. மேலும் கீழும் நகரும் பிஸ்டனே சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடுகிறது. தனி ஆயில் தொட்டி இல்லாததால் பெட்ரோலிலேயே ஆயில் கலக்கப்பட்டது. பாகங்கள் குறைவு என்பதால், சிறு பட்டறையிலேயே எஞ்சினைப் பிரிக்க முடிந்தது.

மலைச்சாலையில் ஏற்படும் பழுது

மொபெட்டுக்கு ஒரே கியர்தான். பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது வேகம் குறைந்து எஞ்சின் சூடாகும். சிக்கனம் கருதி ஆயிலைக் குறைத்தால், விரிவடைந்த பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். இதையே ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பர். ஆயிலை மிகுதியாக ஊற்றினாலோ, பிஸ்டன் தலையிலும் புகை வெளியேறும் துளையிலும் கரி படிந்து இழுவை குறையும்.

பராமரிப்பு முறை

முதலில் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றுவர். உலோகத்தில் கீறல் விழாமல் கரி சுரண்டப்படும். ரிங் காடிகளும் சைலன்சரும் சுத்தம் செய்யப்படும். சிலிண்டர் சுவர் தேய்ந்திருந்தால், லேத் பட்டறையில் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்துவர். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகைத் துளையை நோக்கி இருக்க வேண்டும். ரிங்கின் வாய் காடியிலுள்ள சிறு ஊசியில் பொருந்த வேண்டும். தவறினால் ரிங் துளையில் சிக்கி உடையும். கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றுவது நல்லது.

மாற்றம்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்எல் 100 வண்டி 2015இல் அறிமுகமானது. பிஎஸ் 4 புகை விதிகள் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. பெட்ரோலில் ஆயில் கலக்கும் வழக்கம் புதிய வண்டிகளில் மறைந்தது. கரி எடுக்கும் வேலையும் பெரிதும் குறைந்தது. எனினும் இவ்வகை எஞ்சினிலும் அடியில் உள்ள ஆயில் வற்றினால் பிஸ்டன் இறுகவே செய்யும். மலையேறுமுன் ஆயில் அளவைப் பார்ப்பது இன்றும் அவசியம்.