ஸ்டார் வார்ஸ் வானொலி நாடகங்கள்
ஜார்ஜ் லூகாஸின் விண்வெளிப் படங்களை ஒட்டி அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். ஒலிபரப்பிய தொடர் நாடகங்கள். முதற்படத்தின் வானொலி உரிமையைத் தம் பழைய பல்கலைக்கழகத்தின் நிலையமான கே.யு.எஸ்.சி.க்கு லூகாஸ் 1 டாலருக்குக் கொடுத்தார். பிரையன் டேலி எழுத, ஜான் மேடன் இயக்கினார். 1981இல் 13 பகுதிகளாக வந்தது. தமிழ் வானொலியோடு வளர்ந்தவர்கள் இதை ஒலிச்சித்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. அது படத்தின் ஒலித்தடத்தையே வெட்டிச் சுருக்கித் தருவது. இதுவோ புதிதாக எழுதி நடித்தது. இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய ஆறு மணி நேரமாக விரிந்தது. நாயகன் லூக்காக, படத்தில் நடித்த மார்க் ஹாமிலே பேசினார். இன்னொரு பாத்திரமான ஹான் சோலோவுக்குக் குரல் பெர்ரி கிங். பென் பர்ட்டின் ஒலிகளும் ஜான் வில்லியம்ஸின் இசையும் படத்திலிருந்தே எடுக்கப்பட்டன. இரண்டாம் படம் 1983இல் 10 பகுதிகளாகவும், மூன்றாவது 1996இல் வெறும் 6 பகுதிகளாகவும் வந்தன. மூன்றில் முதலாவதே சிறந்தது.